ஷேல் கல்லுக்கு ஒரே வில்லை, மூன்று ஓட்டம்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் சாலைக்காக வெட்டிய மேடுகளில் கருஞ்சாம்பல் கல் ஏடு ஏடாக உதிர்ந்து கிடக்கும். எக்கா என்ற பாறைத் தொகுதியின் ஷேல், அதாவது பெர்மியன் என்ற பழைய புவிக்காலத்துச் சேறு இறுகிய கல். கைக்கு எட்டுகிறதே என்று அந்த உதிரியை அள்ளிவராதீர்கள். அதில் தெரியும் ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம் பெரும்பாலும் நம் காலத்து மழை செய்த வேலை. மஞ்சள் பூத்திருந்தால் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் சிதைந்து ஜாரோசைட் என்ற மஞ்சள் கனிமம் ஆகியிருக்கக்கூடும். மஞ்சள் மறையும்வரை உள்ளே தோண்டுங்கள்.

புதையுண்ட சேறு சூடேறும்போது, ஏறத்தாழ 60 முதல் 150 பாகை செல்சியஸ் வரை, ஸ்மெக்டைட் படிப்படியாக இல்லைட் என்ற இன்னொரு களிமண் கனிமம் ஆகிறது. அதற்கு வேண்டிய பொட்டாசியம், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் கரைவதால் கிடைக்கிறது. மிஞ்சும் சிலிக்கா குவார்ட்ஸாகப் படிந்து கல்லை இறுக்குகிறது. இந்த மாற்றம் எதுவரை போயிற்று என்பதுதான் கேள்வி. ஒரே வில்லையை எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுக் கருவியில் (XRD) மூன்று முறை ஓட்டிப் பார்த்துத்தான் விடை தேடுகிறோம்.

கல்லை இடியுங்கள், மாவாக அரைக்காதீர்கள். அரைத்தால் சேற்றோடு அடித்துவரப்பட்ட பழைய மைக்காவும் நுணுங்கி இல்லைட் கணக்கில் ஏறிவிடும். நீரில் கலக்கி, 2 மைக்ரானுக்குக் கீழ் உள்ளதைப் பிரிக்க 20 பாகையில் 8 மணி நேரம் விட்டு, மேல் 10 செ.மீ. நீரை உறிஞ்சுங்கள். டர்பன் கோடையில் நீர் 25 பாகைக்கு வந்தால் 7 மணி நேரம் போதும். கலங்கல் பால் திரிந்த மாதிரி கட்டினால் உப்போ ஜிப்சமோ இருக்கிறது. கழுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கண்ணாடி வில்லையில் மெல்லிய பூச்சாகக் காயவிட்டு முதல் ஓட்டம். எத்திலீன் கிளைக்கால் ஆவியில் 60 பாகையில் ஓர் இரவு வைத்து இரண்டாவது. 550 பாகையில் ஒரு மணி நேரம் சுட்டு மூன்றாவது. ஸ்மெக்டைட்டின் அடுக்கு இடைவெளி கிளைக்காலில் 17 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) உப்பும், சுட்டால் 10க்குச் சுருங்கும். இல்லைட் 10லேயே நிற்கும். தகராறு 7ல்தான்: கேயோலினைட், குளோரைட் என்ற வேறு இரு களிமண் கனிமங்களின் வரைபட முகடுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழும். சுட்டதும் 7 மறைந்தது, ஆகவே கேயோலினைட் என்று முடித்துவிடாதீர்கள். குளோரைட்டின் 7ம் சூட்டில் மங்கும். சுடாத ஓட்டத்தில் 3.58, 3.54 என்று முகடு இரண்டாகப் பிரிகிறதா பாருங்கள். சுட்டபின் 14 ஓங்கினால் குளோரைட் உறுதி.

எக்கா தொகுதி அடங்கிய கரூ பாறைப் படுகையில் இன்னொரு வம்பு டாலரைட், பாறைக்குழம்பு உறைந்த கருங்கல். ஏறத்தாழ 18.3 கோடி ஆண்டுக்கு முன் நுழைந்த குழம்பு, தன் தடிமன் அளவுக்கு, சில இடங்களில் இருமடங்குக்கும், பக்கத்து ஷேலைச் சுட்டுவிட்டது. அந்த வளையத்துக்குள் எடுத்த கல்லின் இல்லைட்டை வைத்துப் புதைந்த ஆழத்தைக் கணக்குப் போட்டால் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். எடுத்த இடத்திலிருந்து டாலரைட் எத்தனை மீட்டர் என்று பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.