ஏழு நாள் குப்பைப் பை

சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் எடுக்கும் பொதுப்பாடத்தில், நுகர்வு பற்றிய பகுதியை இம்முறை விரிவுரையோடு தொடங்காமல், ஏழு நாள்களுக்குத் தாங்கள் எறியும் ஒவ்வொரு பொருளையும் எழுதி வரும்படி மாணவர்களிடம் சொன்னேன். பொருளின் பெயர், அது வந்த வழி, கையில் இருந்த நேரம் என மூன்று பத்திகள் போதும். உணவுக் கழிவைத் தவிர மற்றவற்றைக் கழுவி, ஒரு பையில் சேர்த்துக் கொண்டுவரவும் வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதன்று. குப்பைக் குழாயில் பை விழும் ஓசையோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறது. எரிஆலையில் பருமன் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, துவாஸிலிருந்து சாம்பலாகச் செமாக்காவ் தீவுக்குக் கடல்வழி செல்வதையும், அங்கு 1999இல் திறக்கப்பட்ட குப்பை நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்ற மதிப்பீட்டையும் இவர்கள் பள்ளியிலேயே படித்தவர்கள்தாம். படித்ததனால் குழாய் மூடியைத் திறக்கும் கை தயங்கியதாகத் தெரியவில்லை.

மூன்றாம் பத்திதான் வகுப்பை நடத்தியது. பபிள் டீ குவளை: இருபது நிமிடம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பொட்டலமாக வாங்கிய தோசையின் சாம்பார்ப் பை: பத்து நிமிடம். உடன் வந்த காரச் சட்னிப் பை: அவிழ்க்கவே இல்லை. "இதை நான் கேட்கவில்லையே சார், தோசையோடு வந்தது. என் கணக்கில்தான் எழுத வேண்டுமா?" என்று ஒரு மாணவி கேட்டார். எஞ்சிய நேரம் முழுவதும் அக்கேள்வியிலேயே கழிந்தது. பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குவதை நினைவூட்டிய மற்றொருவர், விலை வந்த பிறகுதான் பை நாம் வாங்கும் பொருளாயிற்று என்றும், விலை சொல்லப்படாத சட்னிப் பை யார் கணக்கிலும் சேராமல் நிற்கிறது என்றும் சொன்னார். நான் எழுதி வைத்திருந்த விரிவுரையில் இவ்வளவு தெளிவான வரி ஒன்றும் இல்லை.

மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் போட்டால் கணக்குத் தீர்ந்தது என்று சிலர் வாதாடினர்; இல்லங்களின் மறுபயனீட்டு விகிதம் 2023இல் 12 விழுக்காடுதான் என்றதும் அந்த வாதம் அடங்கியது.

பட்டியல்களில் பொய்யும் இருந்தது. நான்காம் நாளுக்குப் பிறகு பல பைகள் திடீரென இளைத்திருந்தன; நண்பனின் தொட்டியில் போட்டதை ஒருவர் சிரித்தபடி ஒப்புக்கொண்டார். அடுத்த முறை பை வேண்டாம், பெயரில்லாத பட்டியலே போதும் என்று நினைக்கிறேன்.

நானும் ஒரு பை கொண்டுபோயிருந்தேன். இணையத்தில் வாங்கிய ஒரு மேசைவிளக்கைச் சுற்றி வந்த இரண்டு அட்டைப்பெட்டிகளும் காற்றடைத்த உறைகளும் அதில் பாதி இடத்தை அடைத்திருந்தன. "விளக்கு நன்றாக எரிகிறதா, சார்?" என்று அதே மாணவி கேட்டபோது, அதை நான் இன்னும் பொருத்தவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.