சோற்றுக்கை

அக்டோபர் 14, திங்கள்

ஓ.டி. என்று வேலையைச் சொன்னால் "ஆபரேஷன் தியேட்டரா?" என்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபி என்று விரித்துச் சொன்னால் "வேலை வாங்கித் தருவீங்களா?" என்கிறார்கள். பல் தேய்ப்பது, சட்டை போடுவது, சாப்பிடுவது, கக்கூஸ் போய் வருவது. மூளையோ தண்டுவடமோ அடிபட்டவர்களை இதற்கெல்லாம் மறுபடி பழக்குவதுதான் நான் பார்க்கும் வேலை. எங்கள் இல்லத்தில் இப்போது 11 பேர் தங்கியிருக்கிறார்கள்.

இன்று புதிதாக வந்தவர் குடியாத்தம் பக்கத்துத் தறிக்காரர், வயது 58. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, கால் வரவில்லை. பேச்சில் நாலைந்து சொற்கள்தான் மிச்சம். ஒருவர் எவ்வளவு தானாகச் செய்கிறார், எவ்வளவு உதவி வேண்டும் என்று அளக்கும் எஃப்.ஐ.எம். அளவுகோலில் மொத்தம் 18 காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சாப்பாட்டுக்கு அவருக்கு 1 போட்டேன், ஏனென்றால் மனைவிதான் ஊட்டுகிறார். இடது கை நன்றாக இருக்கிறதே என்று அதில் ஸ்பூனைக் கொடுத்தேன். வாங்கினார், மேசையில் வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கையில எப்படி மேடம் சாப்பிடுவாரு?" என்றார் மனைவி.

நான் படித்த புத்தகங்களில் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் படம் போட்டிருந்தது. பீச்சாங்கை பற்றி ஒரு வரி கிடையாது.

அக்டோபர் 16, புதன்

ஒருவர் வீடு திரும்புகிறார், அதனால் மதியம் இலைச் சாப்பாடு. டீச்சரம்மா பாதியில் கோபமாகிவிட்டார்: "உப்பு இல்ல, ஊறுகா இல்ல. என்ன பரிமாறுறீங்க?" உப்பும் ஊறுகாயும் வழக்கப்படி இலையின் இடது மூலையில்தான் இருந்தன. அவருக்கு அடி வலது மூளையில். கண் நன்றாகத் தெரிகிறது, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசில் ஏறுவதில்லை. போன வாரம் கடிகாரம் வரையச் சொன்னபோது 12 எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கிவைத்திருந்தார்.

இலையைத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் வீட்டில் யார் திருப்பி வைப்பார்கள்? மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அப்புறம்தான் முதல் கவளம். ஊறுகாயைக் கண்டுபிடித்ததும் "இப்பதான் யாரோ வெச்சுட்டுப் போறாங்க" என்றார். நாற்பது பிள்ளைகளை மேய்த்தவரிடம் வாதாட முடியுமா?

அக்டோபர் 17, வியாழன்

தறிக்காரர் இன்று தட்டைத் தள்ளிவிட்டார். நான்தான் வற்புறுத்தினேன். என் தப்பு.

அக்டோபர் 21, திங்கள்

தென்னை மரத்திலிருந்து விழுந்து இங்கே வந்திருக்கும் தம்பியின் ஆயா, அதாவது பாட்டி, தினமும் எண்ணெய் தேய்த்து அவன் விரல்களை நீவி நேராக்குகிறாராம். கேட்டதும் பதறிவிட்டேன். கழுத்து நரம்பில் ஆறாவது வரைதான் அவனுக்கு வேலை செய்கிறது. விரல் அசையாது, மணிக்கட்டு நிமிரும். நிமிர்த்தினால் விரல்கள் தானாக மடங்கி எதையாவது கவ்வும், தொங்கவிட்டால் விரியும். அந்தக் கவ்வல் கிடைக்க விரல் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கவேண்டும். மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்து விரலையும் நீட்டினால் இருக்கிற பிடியும் போய்விடும். ஆயாவின் கையைப் பிடித்துக் காட்டினேன். "வளைஞ்சே இருக்கட்டும்னு விடச் சொல்றியா?" என்று நம்பாமல் பார்த்தார். அவன் ஒரு துண்டு இட்லியைக் கவ்வி வாயில் போட்டுக் காட்டியபிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தார்.

"சேர்ல உக்காந்து என்ன வேலக்கா பாக்க முடியும்?" என்று கேட்டான். வேலூர் மேரி வர்கீஸ் கதையைச் சொன்னேன். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். "அவங்க டாக்டர். நான் மரம் ஏறுறவன்" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

தறிக்காரரின் மனைவி இன்று மனம்விட்டுப் பேசினார். பழக்கதோஷம் மட்டும் இல்லை. வலது கை வராததால் கால் கழுவுவதும் இப்போது அதே இடது கைதான். "அதே கையில சோறான்னு அவருக்கும் அருவருப்பா இருக்கும்ல மேடம்?" பத்து நாளாக ஸ்பூனைப் பற்றியே யோசித்த எனக்கு இது தோன்றவில்லை. முதலில் கழிப்பறையைச் சரிசெய்திருக்க வேண்டும். கைதொடாமல் கழுவப் பீச்சுக்குழாய், வெளியே வந்ததும் சோப்பு, அதையும் அவர் கண்ணெதிரே.

இன்னொன்றும் செய்தேன். மடியில் கிடந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்து, விரல்களைத் தட்டு விளிம்பில் படியவைத்தேன். தட்டு நகராமல் இருக்க அந்தக் கையின் பாரம் போதும். ஸ்பூன் இடது கையில். அவர் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தயிர் சாதத்தில் ஒரு வாய் எடுத்தார். பாதி சட்டையில். மனைவி துடைக்க எழுந்தார். "அக்கா, உக்காருங்க" என்றேன். நானும் கையைக் கட்டிக்கொண்டேன். என் வேலையில் இதுதான் கஷ்டம். இருபத்தைந்து நிமிடத்தில் தட்டு காலி.

மதிப்பெண் 5. பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்று பொருள்.

அக்டோபர் 30, புதன்

தீபாவளிக்கு மூன்று நாள் வீட்டுக்குப் போகிறார் தறிக்காரர். சைக்கிள் ட்யூப் சுற்றித் தடிமனாக்கிய ஸ்பூனை மனைவியிடம் கொடுத்தேன். புடவைகளுக்கு அடியில் வைத்துப் பையின் ஜிப்பை இழுத்தார்.

"சொந்தக்காரங்க நிறைய பேர் வருவாங்க மேடம். யாரும் இல்லாதப்போ குடுக்கறேன்."

ஆட்டோ போனபின் குறிப்பேட்டைத் திறந்தேன். சாப்பாடு: 5. பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: விருந்தாளி இருந்தால் 1.