முந்தானைக்குப் பின்னால்

கிராம சுகாதார செவிலியருக்குப் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஐஸ் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடலூரை ஒட்டிய மீனவக் குப்பங்களில் பல வருடம் நடந்திருக்கிறேன். குழந்தைகள் எனக்கு எடையாகவும் தேதியாகவும்தான் ஞாபகத்தில் இருப்பார்கள், பெயர் அப்புறம்தான். அதற்காக வெட்கப்படவில்லை. ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. அப்படித்தான் இருக்க முடியும்.

ஒரு குழந்தை மட்டும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. 2011 நவம்பர் கடைசியில் பிறந்த பெண் குழந்தை. மூன்றாம் நாள் போய்த் தொங்கு தராசில் போட்டால், பிறந்த எடையைவிட நூறு கிராம் குறைவு. தாய் அழவே ஆரம்பித்துவிட்டாள். முதல் வாரத்தில் பிள்ளைகள் கொஞ்சம் இளைக்கும், இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடித்துவிடும் என்று சொல்லி, பால் கொடுக்கும் வாகைச் சரிசெய்துவிட்டு வந்தேன். பச்சைக் குழந்தைக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மார்பில் கிடக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. பயிற்சியில் சொன்னார்கள், குறிப்பும் எடுத்தேன். அதற்கு மேல் அதை யோசித்ததில்லை.

டிசம்பர் 30 காலை ‘தானே’ என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜனவரி இரண்டாவது புதன் அந்த வீட்டுக்குப் போனேன். ஐந்து நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி என்பது தமிழ்நாட்டில் அந்த டிசம்பரில்தான் தொடங்கியிருந்தது. வீட்டில் கூரை இல்லை, தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். தொடையைத் துடைத்து ஊசியை எடுத்தேன். குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. ஆறு வாரத்தில் வருகிற, ஆளைப் பார்த்துச் சிரிக்கிற முதல் சிரிப்பு.

“அதுக்கு ஒண்ணும் போகல நர்சம்மா, அதான் சிரிக்குது” என்றார் ஆயா, குழந்தையின் பாட்டி.

இதைப் பற்றற்ற நிலை, ஞானம் என்றெல்லாம் சொல்லிவிடலாம். குழந்தையைச் சாமியாராக்கும் பேச்சு நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடு இல்லை. பால் பத்து நிமிஷம் தாமதமானால், அதைவிடப் பற்றுள்ள ஜீவன் உலகத்தில் கிடையாது.

பதினான்காவது வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். எடை கூடியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். மாதக் கூட்டத்தில் கேள்வி வருமே என்ற பயத்தில், “பக்கத்து வீட்டுப் புள்ளயப் பாரும்மா, எப்படி இருக்கு” என்று தாயிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. திரும்பி வரும்போது அட்டையை எடுத்துப் பார்த்தேன். வளர்ச்சி அட்டையில் சரியான எடை என்று ஒற்றைக் கோடு போட்டிருக்க மாட்டார்கள். பச்சையாக அகலமான ஒரு பட்டை இருக்கும், அதற்குள் எந்த இடத்தில் போனாலும் அது ஆரோக்கியம்தான். இந்தக் குழந்தையின் புள்ளிகள் பட்டையின் கீழ் ஓரமாக, ஆனால் மேல் நோக்கியே போயிருந்தன. தினமும் கையில் வைத்திருக்கிற அட்டை அது.

ஒன்பதாம் மாதம், தட்டம்மை ஊசிக்குப் போனபோது நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு “அம்மா எங்கே?” என்று விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நாலைந்து மாதக் குழந்தையிடம் ஒரு கிலுகிலுப்பையைத் துணியால் மூடினால், அத்தோடு அதை விட்டுவிடும். கண்ணில் படாதது அதற்கு இல்லாதது. எட்டு, ஒன்பது மாதத்தில் துணியை இழுத்துப் பார்க்கும். இவளும் முந்தானையை இரண்டு கையாலும் இழுத்துவிட்டுக் கெக்கலித்தாள். அப்புறம் தாய் குடத்தோடு வெளியே போனதும் வீடே அதிரும்படி அழுகை. போன மாதம் வரை இப்படி அழுததில்லையே என்று ஆயாவுக்குக் கவலை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டதால்தான் அழுகிறது என்று விளக்கினேன். மறைந்தவள் எங்கோ இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதானே, வரவில்லையே என்று அழத் தோன்றும்?

சொல்லிவிட்டு நானே நின்றுவிட்டேன். 2010-இல் என் அம்மா போனாள். அதற்குப் பிறகு கோயில் வாசலை நான் மிதிக்கவில்லை. ராத்திரியில் மட்டும் சாமியிடம் சண்டை போடுவேன், அழுவேன், அதைப் பக்தி போய்விட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தேன். இல்லாத ஒருவரோடு யாராவது இரண்டு வருடம் சண்டை போடுவார்களா?

அன்று சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியது இந்த ஊர்ப் பக்கம்தான் என்பார்கள், கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. இங்கே அவர் பாடிய பதிகம் ‘ஈன்றாளுமாய்’ என்று தாயில் தொடங்கி, கடைசி அடியில் ‘தோன்றாத் துணை’ என்று சொல்கிற பாட்டோடு ஆரம்பிக்கிறது. இங்குள்ள சாமிக்குத் தோன்றாத்துணை நாதர் என்றும் பெயர். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பெயர்தான். கண்ணுக்குத் தெரியாத துணை என்பதை முதலில் தாயின் பெயர் சொல்லி ஏன் அழைத்தார் என்று நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு உள்ளே போய் ரொம்ப நேரம் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் மாதம் பூஸ்டர் ஊசிக்குப் போனபோது குழந்தை அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் தாமதம்தான், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஆயா பின்னால் குந்தியபடி, இரண்டு கையையும் குழந்தையின் முதுகுக்குப் பக்கத்தில், தொடாமல் வைத்துக்கொண்டே நகர்ந்தார்.

“பிடிச்சுக்கலாமே ஆயா.”

“தொட்டா சாஞ்சுக்கும் நர்சம்மா.”

பின்னால் கை இருப்பது குழந்தைக்குத் தெரியாது. என்னை நோக்கி நாலு அடி வைத்தது. ஊசிப் பெட்டியைப் பார்த்ததும் வீலென்று கத்திக்கொண்டு திரும்பி, அந்தக் கைகளுக்குள்ளேயே போய் விழுந்தது.