ஈஸ்ட் மீயன் ஞானஸ்நான தொட்டியும் நம்மூரு மம்பட்டியும்

நாங்க இங்கிலாந்து வந்தது 2022 டிசம்பர்ல. எங்க வீட்டம்மா நர்ஸ், அவளுக்கு கிடைச்ச விசாவுல டிபெண்டன்ட்டா ஒட்டிக்கிட்டு வந்தவன்தான் நான். பாளையங்கோட்டைல பத்து வருசம் மெடிக்கல் ரெப்பா பைக்ல சுத்துன ஆளு, இங்க பீட்டர்ஸ்ஃபீல்டுல ஒரு குடோன்ல ராத்திரி ஷிப்ட்ல பெட்டி அடுக்கிட்டு இருந்தேன். முதல் மூணு மாசம் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்ததே கம்மி, அவ வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவ போவா, ஃபிரிட்ஜ் கதவுல பேப்பர் ஒட்டி பேசிக்குவோம். வீடு புடிச்சு குடுத்த ஏஜென்ட் ஆறு மாச வாடகைய அட்வான்ஸா புடுங்குன கதை, ஹீட்டர் ஓடாம ஜனவரி பூரா ஸ்வெட்டரோட படுத்த கதை எல்லாம் இருக்கு, அது எல்லாருக்கும் இருக்கிறதுதான, விடுங்க.

பிப்ரவரில ஒரு நாள் ரெண்டு பேருக்கும் சேந்தாப்ல லீவு. வீட்டுக்குள்ளயே இருந்தா பைத்தியம் புடிச்சிரும்னு அவ சொல்ல, அஞ்சாறு மைல் தள்ளி ஈஸ்ட் மீயன்னு ஒரு கிராமம், அங்க பழைய கோயில் ஒண்ணு இருக்குன்னு கூட வேலை பாக்குற அம்மா சொன்னாங்களாம், போவோம்னு கிளம்பிட்டோம். (நெல்லை சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபை காரங்க நாங்க சர்ச்ச கோயில்னுதான் சொல்லுவோம், குழப்பிக்காதீங்க.) செங்குத்தா ஒரு பச்ச மலை, அதோட அடிவாரத்துல கோயில், கோபுரத்து மேல ஈயத் தகடு அடிச்ச ஊசி முனை. எங்க ஊசிக்கோபுரம் கோயில் 1826ல கட்டுனதுன்னு நாங்க பெருமை பேசுவோம், இந்த கோபுரம் அதுக்கு ஏழு நூறு வருசம் மூத்தது, வாய மூடிக்கிட்டேன்.

கதவு சும்மா சாத்தி இருந்துச்சு, பூட்டு கிடையாது, உள்ள ஒரு ஆள் கிடையாது. பழக்க தோசத்துல ரெண்டு பேரும் ஷூவ கழட்டி வாசல் மண்டபத்துல வச்சிட்டு சாக்ஸோட உள்ள போயிட்டோம். அந்த கல்லு தரை இருக்கே, ஐஸ் கட்டி மேல நிக்கிற மாதிரி, கால்ல இருந்து ஜில்லுன்னு மண்டை வரைக்கும் ஏறுச்சு. கொஞ்ச நேரத்துல பூ ஜோடிக்க ஒரு வயசான அம்மா வந்தாங்க, எங்க காலை பாத்தாங்க, "சேத்த உள்ள கொண்டு வராம கழட்டி வச்சீங்களே, ரொம்ப தேங்க்ஸ்"னாங்க. அப்புறம்தான் தெரியுது, இங்க மலை ஏறி நடக்கப் போறவங்க சேறு அப்புன பூட்ஸ வாசல்ல கழட்டுறது வழக்கமாம். நாங்க பக்தில கழட்டினோம்னு சொல்ல எனக்கு இங்கிலீஷும் வரல, சொல்லணும்னும் தோணல.

அவங்கதான் அந்த ஞானஸ்நான தொட்டிய காட்டினாங்க. நான் ஞானஸ்நானம் எடுத்தது எங்க ஊரு கோயில்ல, அங்க ஒரு சின்ன கல் தொட்டி, அதுல எவர்சில்வர் கிண்ணம் வச்சு தண்ணி எடுப்பாங்க, அதுதான் என் மனசுல இருந்துச்சு. இது என்னடான்னா சதுரமா, பெரிய ஆட்டுரல் நாலை ஒண்ணா சேத்த மாதிரி, நடுவுல ஒரு தடித்த தூண், நாலு மூலைக்கும் நாலு சின்ன தூண், எல்லாம் கருப்பு கல்லு. பாட்டி வீட்டு ஆட்டுரல் கை பட்டு பட்டு பளபளன்னு இருக்கும்ல, அந்த கருப்பு. ஆனா நம்மூரு கருங்கல் இல்ல, இது சுண்ணாம்புக்கல் வகை, தேய்ச்சா மார்பிள் மாதிரி மின்னும், அதனால டூர்னே மார்பிள்னே பேரு. டூர்னேங்கிறது பெல்ஜியத்துல ஷெல்ட் ஆத்தங்கரை ஊரு. ஏறக்குறைய 1150 வாக்குல அங்க செதுக்கி கப்பல்ல ஏத்தி இங்க கொண்டு வந்திருக்காங்க. அப்போ வின்செஸ்டர் பிஷப்பா இருந்தவர் ஹென்றி ஆஃப் புளுவா, இங்கிலாந்து ராஜா ஸ்டீபனோட தம்பி, ஈஸ்ட் மீயன் நிலபுலம் எல்லாம் அந்த பிஷப் கைல இருந்தது, அவர்தான் வரவழைச்சிருப்பார்னு சொல்றாங்க. இந்த மாதிரி தொட்டி நாங்க இருக்கிற ஹாம்ப்ஷயர் மாவட்டத்துல மட்டும் நாலு இருக்கு, வின்செஸ்டர் கதீட்ரல்ல ஒண்ணு, சவுத்தாம்ப்டன் செயின்ட் மைக்கேல் கோயில்ல ஒண்ணு, செயின்ட் மேரி போர்ன்னு ஒரு கிராமத்துல ஒண்ணு, அப்புறம் இது. வின்செஸ்டர் தொட்டிய அப்புறமா போய் பாத்தோம், அதுல செயின்ட் நிக்கோலஸ் ஒரு ஏழை தகப்பனோட மூணு பொண்ணுங்களுக்கு வரதட்சணைக்கு தங்கம் குடுக்குறத செதுக்கி வச்சிருக்கான். அங்கயும் இந்த கொடுமை இருந்திருக்கு பாருங்க.

கல்லும் எங்கள மாதிரியே கடல் தாண்டி வந்திருக்குன்னு ஒரு கவிதை எடுத்து விடலாம், ஆனா கல்லு வாடகை குடுக்கல, விசா ஃபீஸ் கட்டல, அதனால அந்த பேச்சு வேணாம்.

எங்கள புடிச்சு நிறுத்துனது அதுல இருந்த படம். கடவுள் ஆதாமையும் ஏவாளையும் படைக்கிறது, அவங்க பழம் திங்கிறது, ஏதேன் தோட்டத்துல இருந்து வெளிய தள்ளுறது. ஏதேன் வாசல்னு ஒரு பெரிய கோட்டை மாதிரி கட்டடமே செதுக்கி இருக்கான், தோட்டம்னு நினைச்சிட்டு இருந்த எனக்கு அது புதுசு. வெளிய தள்ளினதுக்கு அடுத்து ஒரு காட்சி, அதுதான் விசேஷம். ஒரு தேவதூதன் ஸ்பேட வச்சு மண்ணை எப்படி கொத்தணும்னு ஆதாமுக்கு சொல்லிக் குடுக்குறார். பக்கத்துல ஏவாள் நூல் நூத்துக்கிட்டு நிக்கிறா. ஆளுங்களுக்கு தலை பெருசு, கை நீளம், சின்னப்புள்ள வரைஞ்ச மாதிரி, ஆனா பாத்தா என்ன நடக்குதுன்னு உடனே புரிஞ்சிரும்.

எங்க வீட்டம்மா குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்துட்டு சொன்னா, "ஆதாமுக்கு வேலை சொல்லித் தர ஒரு தூதன் வேண்டியிருக்கு. ஏவாளுக்கு யாரும் சொல்லித் தரல பாத்தீங்களா, அவ பாட்டுக்கு வேலைய ஆரம்பிச்சிட்டா." நான் ஒண்ணும் பேசல. அந்த வாரம்தான் குடோன்ல ஏதோ ஒரு ட்ரெயினிங்ல ரெண்டாவது தடவை ஃபெயில் ஆகி இருந்தேன், அவ வார்டுல சேந்த மூணாம் நாளே தனியா ஷிப்ட் பாத்துட்டு வந்தவ.

அப்புறம் மாசத்துக்கு ரெண்டு தடவை ஆராதனைக்கு போக ஆரம்பிச்சோம். இந்த கோயில் ஆங்கிலிக்கன் சபை (இங்கிலாந்து திருச்சபை), சிஎஸ்ஐ 1947ல உண்டானப்போ நம்மூரு ஆங்கிலிக்கன் சபையும் அதுல சேந்ததுதான, அதனால ஆராதனை முறை பழகுன மாதிரியே இருக்கும், மொழிதான் வேற. வசந்த காலத்துல கல்லறைத் தோட்டத்த சுத்தம் பண்ண ஆள் வேணும்னாங்க, பேரு குடுத்தேன். கோயில் காரியங்கள பாத்துக்கிற வார்டனா இருந்த தாத்தா ஒருத்தர், எண்பது வயசு இருக்கும், என் கைல ஒரு ஸ்பேட குடுத்தாரு. நான் கொத்துறேன் கொத்துறேன், ஒரு பிடி மண்ணு வரல. நம்மூருல மம்பட்டிய மேல தூக்கி, கீழ போட்டு, நம்ம பக்கமா இழுக்கணும். இங்க ஸ்பேட நேரா நிறுத்தி, மேல் விளிம்புல பூட்ஸ் கால வச்சு உடம்பு வெயிட்ட போட்டு அமுக்கி, கைப்பிடிய சாய்ச்சு மண்ணை புரட்டணும். தாத்தா என் பின்னாடி வந்து நின்னு, என் காலை தட்டி, நடுவுல வை, ஓரத்துல வைக்காதன்னு காட்டுனாரு. விவசாயக் குடும்பத்துல பொறந்த எனக்கு முப்பத்தாறு வயசுல மண்ணு கொத்த பாடம். எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் ரோசமும் வந்துச்சு, உள்ள அந்த தொட்டில நிக்கிற ஆதாம் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு.

2024ல மகள் பொறந்தா. ஞானஸ்நானம் அங்கயே. ஊர்ல அம்மா வாட்ஸ்ஆப்ல, "ஏய்யா, அந்த குளிருல தண்ணி ஐஸா இருக்கும்லா, பிள்ளைக்கு சளி புடிச்சிரும்லா"ன்னு ஒரே புலம்பல். வெந்நீர் கலந்துதான் ஜக்குல கொண்டு வந்து ஊத்துனாங்கன்னு வீடியோ அனுப்புன அப்புறம்தான் அடங்குனாங்க. அந்த காலத்துல பிள்ளைய முழுசா முக்கி எடுப்பாங்களாம், அதுக்குத்தான் தொட்டி இம்புட்டு பெருசு. தண்ணிய மாசக்கணக்குல அதுலயே வச்சிருப்பாங்க, அத திருடிட்டு போய் செய்வினை வைக்கிறான்னு 1236ல காண்டர்பரி ஆர்ச்பிஷப் எட்மண்ட் ரிச், எல்லா தொட்டிக்கும் மூடி போட்டு பூட்டணும்னு உத்தரவு போட்டிருக்கார். பல ஊர்ல பழைய தொட்டி விளிம்புல அந்த பூட்டு கொக்கி அடிச்ச தழும்பு இன்னும் இருக்கு. செய்வினை பயம் நம்மூருக்கு மட்டும் சொந்தம்னு நினைச்சிட்டு இருந்தேன். மகள் அழவே இல்ல, விளிம்ப எட்டி புடிக்கத்தான் பாத்தா.

போன வருசம் ஊருக்கு போனப்போ மம்பட்டி ஒண்ணு வாங்கி, காம்பு இல்லாம இரும்ப மட்டும் சாக்குல சுத்தி செக்-இன் பெட்டில போட்டு கொண்டு வந்தேன். தாத்தா அத கைல வாங்கி திருப்பி திருப்பி பாத்தாரு, அடுத்த வாரமே ஆஷ் மரத்துல காம்பு சீவி மாட்டிட்டு வந்துட்டாரு. ஆனா ஸ்பேடு மாதிரி நேரா நிறுத்தி, அது மேல கால வைக்க பாத்தாரு. நான் பின்னாடி போய் நின்னு, "தூக்கி போட்டு உங்க பக்கமா இழுங்க"ன்னு காட்டுனேன். நாலாவது கொத்துக்கு மண்ணு அவரு பூட்ஸ் மேல வந்து விழுந்துச்சு.