மைக்கை யார் பிடிப்பது?

மக்கள் பிரதிநிதி ஒருவரின் அலுவலகத்தில் குறைகேட்புக் கூட்டங்களை ஏற்பாடு செய்யும் வேலை எனக்கு. நாற்காலி, ஒலிபெருக்கி, பேச்சுக் குறிப்பு எல்லாம் என் தலையில்தான். அவற்றில் எதற்கும் வராத சண்டை ஒன்றுக்கு வரும்: கேள்வி நேரத்தில் மைக்கை மக்கள் கையில் கொடுப்பதா, நம் ஆள் பிடித்துக்கொள்வதா?

“கொடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது” என்பார்கள் கட்சிக்காரர்கள். வாஸ்தவம்தான். ஆனால் நம் ஆள் பிடித்திருந்தால் என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேட்பவரின் குரல் உயர்ந்ததும் பையனின் கை தானாகப் பின்வாங்கும். மைக் ஒரு சாண் விலகும். அவர் அதைத் துரத்திக்கொண்டு முன்னால் குனிவார். அதுவரை ‘சீக்கிரம் முடிய்யா’ என்று முனகிக்கொண்டிருந்த பின்வரிசையே, “அவரைப் பேச விடுங்க!” என்று எழுந்துவிடும். ஒருவரின் கோபம் அந்த நொடியில் அரங்கத்தின் கோபமாகிவிடுகிறது. அதனால் நான் கையில் கொடுக்கிற கட்சி. முழு மைக்கும் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தவர், பெரும்பாலும் தானே பேசி முடித்துவிடுகிறார்.

கோபமாக வருவது பல நேரம் கேள்வியே அல்ல, ஒரு வழக்கு. கிடைக்காத சான்றிதழ், நின்றுபோன ஓய்வூதியம், திரும்பத் திரும்ப அலையவிட்ட அதிகாரி. அதற்கு மேடையிலிருந்து புள்ளிவிவரம் வாசித்தால் எண்ணெய் ஊற்றிய மாதிரிதான். 1992 அமெரிக்க அதிபர் தேர்தலில், ரிச்மண்டில் பொதுமக்களே கேள்வி கேட்ட விவாதம் நடந்தது. தேசியக் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தபோது அதிபர் ஜார்ஜ் புஷ் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வட்டி விகிதம் பற்றித் தொடங்கி, கேள்வி சரியாகப் புரியவில்லை என்றார். அவரை எதிர்த்து நின்ற பில் கிளிண்டனோ அந்தப் பெண்ணை நோக்கி நடந்து போய், உங்களை அது எப்படிப் பாதித்தது என்று திருப்பிக் கேட்டார். அந்தத் தேர்தலில் புஷ் தோற்றதற்குப் பொருளாதாரம் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்த விவாதம் என்றாலே பலருக்கு நினைவில் நிற்பது கடிகாரம்தான்.

எங்கள் உறுப்பினருக்கு நான் எழுதிக்கொடுத்ததும் ஒரு திருப்பிக் கேட்கும் கேள்விதான்: “கடைசியா எந்த ஆபீஸ்ல, எப்போ மனு கொடுத்தீங்க?” தேதியை யோசித்துக்கொண்டே கத்துவது கஷ்டம், குரல் தானாக இறங்கும். பயிற்சி தருகிறவர்கள் சொல்லிக்கொடுக்கும் “உங்க கோபம் எனக்குப் புரியுது” என்ற வசனத்தை மட்டும் அடித்துவிடுவேன். “என்ன புரிஞ்சுது, சொல்லுங்க பார்ப்போம்” என்று ஒருவர் கேட்டு, சார் விழித்ததை மறக்க முடியாது.

இதற்காக, கோபத்தோடு யார் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டியதில்லை. 2008-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்னின் மின்னசோட்டா கூட்டத்தில், ஒபாமாவை நம்ப முடியாது, அவர் அரேபியர் என்றார் ஒரு பெண். மெக்கெய்ன் மைக்கை வாங்கி, இல்லை, அவர் கண்ணியமான மனிதர், எங்களுக்குள் கருத்து வேறுபாடு மட்டும்தான் என்றார். அதே கூட்டத்தில், ஒபாமாவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்று அவர் சொன்னதற்குச் சொந்த ஆதரவாளர்களே கூச்சலிட்டார்கள். மைக்கைத் திருப்பி வாங்க அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. மிரட்டலும் ஆபாசமும் வந்தால் வேறு கதை. அப்போது குறுக்கிட வேண்டியவர் கூட்டத்தை நடத்துபவர், தலைவர் அல்ல.

மேடையில் பொறுமையாக இருந்துவிட்டு, இறங்கியதும் கொட்டித் தீர்க்கிறவர்களும் உண்டு. 2010-இல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன், தன்னிடம் கடுமையாகப் பேசிய பெண்மணியை, காரில் ஏறியதும் குறுகிய மனம் கொண்டவர் என்று திட்டினார். சட்டையில் மைக் அணையாமல் இருந்தது. அன்றைக்கே அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

எங்களுக்கு வரும் வம்பு பெரும்பாலும் “பரிசீலிக்கிறோம்” என்பதில்தான். விதிப்படி நடக்கவே நடக்காது என்று தெரிந்த கோரிக்கைக்கும் அதையே சொல்லி அனுப்புவோம். அடுத்த கூட்டத்துக்கு அதே ஆள், நாங்கள் அப்படிச் சொன்ன தேதியைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். “முடியாதுன்னு இப்பவே சொல்லி, காரணத்தையும் சொல்லிடுங்க சார்” என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

“தேர்தல் முடியட்டும்” என்கிறார்.