கே.புதூர் கார்டும் கப்பலூர் வேலையும்

2009-ல் பிளஸ் டூ மார்க் ஷீட் வாங்கிய கையோடு அப்பா என்னை மதுரை கே.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். செல்லம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். விடியுமுன் கிளம்பி, ஆரப்பாளையத்தில் இறங்கி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால் அதற்குள் நீள வரிசை. பதிவு கார்டு கைக்கு வர மத்தியானம் ஆனது. "பத்திரமா வச்சுக்கத்தா. மூணு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சா போதும், ஒருநாள் இன்டர்வியூ கார்டு வீடு தேடி வரும்" என்றார் அப்பா. எங்கள் தெருவில் அப்படிக் கார்டு வந்து அரசு வேலைக்குப் போனவர் ஒருவர் இருந்தார். அப்பாவின் நம்பிக்கை அவரைப் பார்த்து வந்தது.

2012, 2015 இரண்டு தடவை புதுப்பித்தேன். 2018-ல் கைக்குழந்தைக்காரி, விட்டுப்போனது. 2017 முதல் 2019 வரை புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு 2021-ல் அரசு ஒரு சலுகை கொடுத்தது. உசிலம்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் முடித்தேன். பழைய சீனியாரிட்டி திரும்பக் கிடைத்தது. ஆனால் இன்டர்வியூ கார்டு ஒன்றும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. 1959-ல் வந்த சட்டம், காலியிடம் இருந்தால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னதே தவிர, அங்கே பதிந்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம், பேப்பரிலும் விளம்பரம் கொடுத்து எல்லோரையும் விண்ணப்பிக்க விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறம் டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளை எழுதித்தான் பெரும்பாலான அரசு வேலை. இப்போது அந்த அலுவலகத்தின் பெயரிலேயே 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' சேர்ந்துவிட்டது. போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள், தனியார் கம்பெனிகளை வரவழைத்து முகாம் போடுகிறார்கள், தனியார் வேலைக்கென்று 2020-லிருந்து ஒரு இணையதளமும் இருக்கிறது. பயிற்சி வேறு துறைகளில் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊரக வாழ்வாதார இயக்கம், அதாவது நாம் மகளிர் திட்டம் என்று சொல்கிற ஆபீஸ். அவர்களும் நேரடியாகப் பாடம் நடத்துவதில்லை, தனியார் ஏஜென்சிகளிடம் ஒப்படைக்கிறார்கள்.

2022-ல் எங்கள் பக்கம் நடந்த இளைஞர் திறன் திருவிழாவில் அப்படி ஒரு ஏஜென்சியின் மேசையில் பெயர் கொடுத்தேன். தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா என்ற திட்டம், 2014-ல் வந்தது. பொதுவாக 35 வயது வரைதான், பெண்களுக்கு 45 வரை உண்டு. நான் தொலைநிலைக் கல்வியில் பி.காம். முடித்திருந்ததால் அக்கவுண்ட்ஸ், டேலி (கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் சாப்ட்வேர்) படிப்பில் சேர்த்தார்கள். சொல்லிக்கொடுத்த சார் உண்மையிலேயே நல்லவர். ஜி.எஸ்.டி. பில் போட அவரிடம்தான் கற்றேன். தினமும் காலையிலும் மாலையிலும் விரல் ரேகை வைக்க வேண்டும்.

இரண்டு மாதம் தாண்டிய ஒரு திங்கட்கிழமை போனபோது சென்டர் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் அண்ணன் மேலே போய்ப் பார்க்க விட்டார். கம்ப்யூட்டர்கள் இல்லை. ரேகை மெஷின் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளும் பெயின்ட் படாத வெள்ளைச் சதுரமும்தான் இருந்தன. அதைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கிவிட்டது. சாருக்குப் போன் போட்டேன். "எங்க கம்பெனி இனிமே இங்க நடத்தலையாம்மா, வேற ஏஜென்சி வருவாங்க, எனக்கும் ரெண்டு மாசச் சம்பளம் நிக்குது" என்றார். எங்களுக்கும் பயணப்படி பாக்கி. பரீட்சை நடக்கவில்லை, சான்றிதழ் இல்லை.

அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கூட இருந்த மேலூர் அக்கா விடவில்லை. திங்கட்கிழமை என்பதால் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். பதினொரு பேர் சேர்ந்து வாசலிலேயே மனு எழுதிக் கொடுத்தோம். மனு மகளிர் திட்ட ஆபீஸுக்குப் போனது. அங்கே இருந்த மேடம் கேட்ட முதல் கேள்வி, "பேட்ச் நம்பர் என்னம்மா?" எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. சேர்ந்த அன்று சென்டர் போர்டு முன்னால் நின்று எடுத்த போட்டோ என் போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். எங்கள் தலைக்குப் பின்னால் மார்க்கர் பேனாவில் அந்த நம்பர். மேடம் அதைக் கம்ப்யூட்டரில் போட்டதும், நாங்கள் ரேகை வைத்த ஒவ்வொரு நாளும் வரிசையாக வந்தது. ஏஜென்சி போனாலும் எங்கள் கணக்கு அரசிடம் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆறு வாரம் அலைந்தோம். பிறகு இன்னொரு ஏஜென்சியின் சென்டரில் சேர்த்துவிட்டார்கள். மீதி வகுப்பு, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக நடந்தன.

அடுத்த இழுபறி வேலையில். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று தூரத்துத் தொழிற்சாலைகளையே சொன்னார்கள். நாலு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஏஜென்சிக்கு அரசு தவணை தவணையாகத்தான் பணம் தருகிறது. படித்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேரையாவது வேலையில் அமர்த்த வேண்டும், சேர்ந்தவர் மூன்று மாதம் சம்பளம் வாங்கிய ஆதாரமும் காட்ட வேண்டும். மொத்தமாக ஆள் எடுக்கிற இடத்துக்கே நம்மை அனுப்பப் பார்ப்பது அதனால்தான். அது அவர்கள் நெருக்கடி. அதற்காக நம் வாழ்க்கைக்குப் பொருந்தாத ஊருக்குப் போகச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நான் போடவில்லை.

வேலை கடைசியில் கே.புதூர் அலுவலகம் வழியாகவே கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை நடந்த தனியார் வேலைவாய்ப்பு முகாமில், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் பார்க்க ஆள் கேட்டார்கள். டேலியில் ஒரு பில்லைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். செக்கானூரணி, திருமங்கலம் வழியாகப் போய்வந்துவிடலாம்.

வேலையில் சேர்ந்த சேதி தெரிந்ததும் புது ஏஜென்சியிலிருந்து சம்பளச் சீட்டு கேட்டுப் போன் வந்தது. தருகிறேன் சார், ஆனால் சொந்த மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் இரண்டு மாதம் உதவித்தொகை உண்டே, அதற்கும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். இது மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. பழைய பயணப்படி பாக்கி மட்டும் இன்றுவரை வரவில்லை. அதற்கும் மனு போட்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

போன மாதம் நாத்தனார் மகள் இதே மாதிரி ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். கூடவே போனேன். எந்தத் திட்டம், எந்தத் துறை, சான்றிதழ் யார் தருவது என்று கேட்டு எழுதிக்கொண்டோம். பேட்ச் நம்பரை அவள் போனிலும் என் போனிலும் போட்டோ எடுத்து, வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறோம்.