ஊர்ச் சங்கங்கள் ஒரே மேசையில் அமரும்போது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் அங்கே சங்கங்களுக்குக் குறைவில்லை. சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், இளைஞர் கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம், ஆலய பரிபாலன சபை என்று உள்ளூரிலேயே ஒரு நீண்ட வரிசை இருக்க, லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் ஊர்ப் பெயர் தாங்கிய ஒன்றியங்கள் வேறு இயங்குகின்றன. இவற்றின் யாப்புகளைப் புரட்டினால், இளைஞர் முன்னேற்றம் என்ற நோக்கம் ஏதோ ஒரு வடிவில் அநேகமாக எல்லாவற்றிலும் எழுதப்பட்டிருக்கும். ஆயினும் வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊரில், பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாமல் வீட்டில் முடங்கியிருக்கும் 16 வயதுப் பிள்ளை யாருடைய பொறுப்பு என்று கேட்டால், அண்மைக்காலம் வரை எந்தச் செயலாளரிடமும் பதில் இருக்கவில்லை.

ஆட்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். நான் அதை முழுதாக ஏற்பதில்லை. சனசமூக நிலையம் பிரதேச சபையில் பதிவு பெறுகிறது. இளைஞர் கழகம் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் வருகிறது. விளையாட்டுக் கழகத்தின் பதிவுக் கோவை பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடமும், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கோவை வேறொரு மேசையிலும் கிடக்கின்றன. பாடசாலைச் சங்கமோ கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி நடக்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியே ஆண்டறிக்கையும் கணக்கறிக்கையும் கேட்பதால், அறிக்கையில் எழுத வசதியான ஒருநாள் விழாக்களையே சங்கங்கள் விரும்பிச் செய்கின்றன. பரிசளிப்பு விழாவுக்கும் சிரமதானத்துக்கும் படம் எடுக்கலாம். ஒரு பிள்ளையோடு மாதக்கணக்கில் மினக்கெட்டதை நிரப்புவதற்குப் படிவத்தில் இடமில்லை. இத்தனைக்கும் ஆட்கள் ஒரே ஆட்கள்தான். கோயில் சபையின் பொருளாளர் சனசமூக நிலைய வாசிகசாலையின் உப தலைவராகவும், அவருடைய மகன் கழகத்தின் அணித் தலைவராகவும் இருக்க, அந்த இரண்டு அமைப்புகளும் மைதானத்து நீர்க்குழாய் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்ட வேடிக்கையையும் கண்டிருக்கிறேன்.

எல்லாச் சங்கங்களையும் கலைத்து ஒன்றாக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளையாக அது எடுபடவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பூரணை விடுமுறையன்றும் சங்கத்துக்கு இருவர் வீதம் வாசிகசாலையில் கூடுவது என்று முடிவானது. முதல் கூட்டங்கள் முழுவதும் நாட்காட்டிச் சண்டையாகவே கழிந்தன. கோயில் திருவிழாக் காலத்தில் கழகம் சுற்றுப்போட்டி வைக்கக் கூடாது, உயர்தரப் பரீட்சை நடக்கும் வாரங்களில் யாரும் ஒலிபெருக்கி கட்டக் கூடாது, ஞாயிறு காலை அறநெறி வகுப்பு நேரத்தில் துடுப்பாட்டப் பயிற்சி இல்லை என்ற அளவில் உடன்பாடு வந்தது. சிறிய விடயங்களாகத் தெரியலாம். ஆனால் ஊரில் பிள்ளைகளின் மாலை நேரத்தை யார் யார் எப்படித் துண்டுபோடுகிறோம் என்பதைப் பெரியவர்கள் ஒரே தாளில் பார்த்தது அதுவே முதல் தடவை.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் கணித வகுப்பு தோன்றியது. உயர்தரம் படிக்க ஒரு மாணவர் சாதாரண தரத்தில் முதன்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியடைந்திருக்க வேண்டும். அவற்றுள் மூன்றில் சாதாரண சித்தியைவிட மேலான திறமைச் சித்தி வேண்டும். ஆகவே கணிதம் என்ற ஒரே பாடம் பலருடைய படிப்பை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. தனியார் கல்வி நிலையங்கள் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு பெயரெடுக்கின்றனவே ஒழிய, இரண்டாம் தடவை எழுதும் பிள்ளைக்கு அங்கே கடைசி வாங்கில்தான் இடம். எங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர்கள் சிலர் கற்பிக்க முன்வந்தார்கள். இடத்தை வாசிகசாலை கொடுத்தது, மின்கட்டணத்தைக் கோயில் சபை ஏற்றது, பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைப் பாடசாலை தந்தது. எல்லாவற்றிலும் பெரிய பங்கு விளையாட்டுக் கழகத்துடையது என்பேன். வகுப்புக்கு வராதவருக்கு அன்று மைதானத்தில் இடமில்லை என்று கழகம் விதித்த பிறகே, பெற்றோர் சொல்லியும் அதிபர் சொல்லியும் வராத பெடியன்கள் வந்தார்கள். கரப்பந்தாட்ட அணித் தலைவரின் சொல்லுக்கு அந்த வயதில் உள்ள மதிப்பு, மேடையில் ஏறும் எங்கள் எவருடைய சொல்லுக்கும் இல்லை.

பெண் பிள்ளைகளின் வரவு வேறு கதை. முதலில் வகுப்பு மாலை ஆறு மணிக்கு வைக்கப்பட்டது; இருட்டிய பின் ஒழுங்கையால் தனியே வர வேண்டும் என்பதால் அவர்கள் வரவில்லை. ஆண்கள் நிறைந்திருந்த கூட்டத்தில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதர் சங்கத்தின் பிரதிநிதி எழுந்து, நேரத்தை நான்கு மணியாக்கினால் தாங்களே முறைவைத்து அழைத்துவந்து விடுவதாகச் சொன்ன பிறகு வரவு மாறியது. ஒரே மேசையில் பலர் இருப்பதன் பயன் இப்படித்தான் கிடைக்கிறது.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். கடந்த போரின் பின் எத்தனையோ ஊர்களில் பாடசாலைக் கூரைகளும் கிணறுகளும் எழுந்தது அவர்களால்தான். எனினும் அந்தப் பணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பொருளையே நாடுகிறது. நுழைவாயில் வளைவுக்கும் பெயர் பொறித்த கல்லுக்கும் ஒரு வாரத்தில் பணம் சேர்ந்துவிடும். வாசிகசாலையைத் தினமும் திறந்து பூட்டும் ஒருவருக்கு மாதக் கொடுப்பனவு கேட்டால் பதில் வரத் தாமதமாகும். பூட்டிக் கிடக்கும் கணினி அறைகள் பல ஊர்களில் உள்ளன.

பொதுமக்கள் சேர்ந்து நிறுவனம் எழுப்புவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. கே. எம். செல்லப்பா என்பவர் 1933 இல் தம் வீட்டில் நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதும், ஊர்ப் பெரியோர் கூடி 1934 இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறந்ததும்தான் பின்னாளில் யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்தது. அதற்கு முன்பே, 1924 இல், கல்வியாளர் ஹன்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் தொடங்கிய, பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற மாணவர் காங்கிரஸ், தீண்டாமை ஒழிப்பைத் தன் குறிக்கோள்களில் ஒன்றாக வைத்தது. 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்களே. அந்தக் குறிக்கோளின் மிச்சம் எங்கள் மேசையிலும் கிடக்கிறது. ஓர் ஊரில் கூப்பிடு தூரத்துக்குள் இரண்டு வாசிகசாலைகளும் இரண்டு விளையாட்டுக் கழகங்களும் இருப்பதற்கு மக்கள்தொகை காரணமாக இருப்பதில்லை; சாதிதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும், கூட்டக் குறிப்பில் மட்டும் அது எழுதப்படுவதில்லை. எங்கள் ஒன்றுகூடலிலும் தொடக்கத்தில் ஒரு பகுதியின் கழகம் அழைக்கப்படவில்லை. கடிதம் தவறிவிட்டது என்றார்கள். கணித வகுப்பில் அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஏற்கெனவே வந்து அமர்ந்திருந்ததால், பெரியவர்களால் அந்தக் காரணத்தை நெடுநாள் சொல்ல முடியவில்லை.

படிப்பில் நாட்டமில்லாதவர்களுக்குத் தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழ் வழியைக் காட்டுவது அடுத்த வேலை. அதில் இரண்டு முதல் நான்கு வரையான மட்டங்கள் கைத்தொழில் தேர்ச்சிக்கும், ஐந்தும் ஆறும் டிப்ளோமாவுக்கும், ஏழாவது பட்டத்துக்கும் உரியவை என்பதால், தச்சு வேலையோ மின்னிணைப்போ பழகத் தொடங்கும் ஒருவருக்கு மேலே போகும் கதவு அடைபட்டுவிடுவதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தைப் பற்றிக்கூட எங்கள் பெற்றோர் பலர் கேள்விப்பட்டிருக்கவில்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதை இளைஞர் கழகம் ஏற்றிருக்கிறது. போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது என்பது தீரவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம் சிறு வீதி ஒப்பந்தம் ஒன்றில் மிச்சம் பிடித்த பணத்தை அதற்குத் தரலாம் என்கிறது. சங்கத்தின் கட்டடத்துக்குத்தான் அந்தப் பணம் போக வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் நிற்கிறார்கள். வரும் பூரணைக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலின் முதல் விடயமாக அதையே போட்டிருக்கிறோம்; பெண்கள் வலைப்பந்தாட்டப் பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு மாலை மைதானம் கேட்டு எழுதிய கடிதம் இரண்டாவது விடயம்.